16 புள்ளிக் கட்டத்தில் ஒரு பண்ணையம்: ஸ்டார்டியூ வேலி

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய வீடியோ கேமைத் திறந்ததும் கண்ணில் படுவது கல்லும் களையும் மண்டிக் கிடக்கிற ஒரு தோட்டம். தாத்தா விட்டுப்போன சொத்து. கையில் 500 கோல்டு (இதுதான் கேமின் காசு), ஊர்த் தலைவர் கொடுத்த 15 பார்ஸ்னிப் (கேரட் மாதிரி ஒரு கிழங்கு) விதை, கொத்து, கோடாரி, பிக்காசு, அரிவாள், பூவாளி. படமெல்லாம் கட்டம் கட்டமாக, தொண்ணூறுகளில் டிவியில் கேசட் சொருகி ஆடிய கேம் போல இருக்கும். 2016 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு கேமுக்கு ஏன் இந்தப் பழைய முகம் என்று கேட்கத் தோன்றும். விளையாட்டுக்குள் ஒரு வசந்த காலம் முடிவதற்குள் பதில் கிடைத்துவிடும். இங்கே படத்தைப் பார்க்கத் தெரிவதுதான் ஆட்டமே.

படம், இசை, எழுத்து, நிரல் எல்லாமே எரிக் பரோன் என்ற ஒரே ஆளின் வேலை. நாலரை வருசம் தனியாக உட்கார்ந்து செய்தார். ஊர்க்காரர்களின் முகங்களைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்திருக்கிறார். 2024 டிசம்பர் வரைக்கும் 4 கோடியே 10 லட்சம் பிரதி விற்றிருக்கிறது. விற்பனையை வைத்து ஒரு கேமை எடை போடக் கூடாதுதான். ஆனால் தனி ஆள் செய்த கேமுக்கு இந்தக் கணக்கு சாதாரணமில்லை.

தரை முழுக்க 16க்கு 16 புள்ளி (பிக்சல்) அளவுள்ள சதுரங்கள். அந்தச் சின்ன இடத்துக்குள் என்னென்ன சேதி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் விட்ட மண் ஒரு மாத்துக் கருப்பாக இருக்கும், விடாதது வெளுத்துத் தெரியும். ஆற்றில் ஓரிடத்தில் குமிழி கொப்பளித்தால் அங்கே தூண்டில் போட்டால் மீன் சீக்கிரம் கடிக்கும். வெறும் தரையில் மூன்று பழுப்புக் குச்சி புழு மாதிரி நெளிந்தால் அந்த இடத்தைக் கொத்த வேண்டும். பழைய காலத்துச் சாமானோ, களிமண்ணோ, நூலகத்துக்குரிய தொலைந்த புத்தகமோ கிடைக்கும். சுரங்கத்துக் கல்லில் ஆரஞ்சுப் புள்ளி தெறித்திருந்தால் செம்பு, மஞ்சள் என்றால் தங்கம், ஊதா என்றால் இரிடியம். எதற்கும் அம்புக்குறி கிடையாது, ‘இங்கே அழுத்து’ என்ற மின்னலும் கிடையாது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்தே தரம் சொல்கிற வியாபாரியைப் போலக் கண் பழகிவிடும்.

இதற்கு ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். வசந்தம் 15ஆம் தேதி (இங்கே ஒரு பருவம்தான் ஒரு மாதம்) காலையில் ஊர் முழுக்க இருக்கிற புதர்களில் சிலவற்றில் மட்டும் இளஞ்சிவப்பாகச் சில புள்ளிகள் முளைத்திருக்கும். முந்தின நாள் வரை அதே புதர் வெறும் பச்சை. பக்கத்தில் போய் ஒரு சொடுக்கு சொடுக்கினால் புதர் குலுங்கி சால்மன்பெரி உதிரும். 18ஆம் தேதியோடு சரி, 19ஆம் தேதி புதர் பழையபடி பச்சையாகிவிடும். பழம் ஒன்று 5 கோல்டுக்குத்தான் விலை போகும் என்பதால் புதிதாக ஆடுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. அது தப்பு. ஒரு பழம் தின்றால் 25 தெம்பு கூடும். நான்கு நாளும் சுற்றிப் பறித்து ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் கோடை வரைக்கும் சுரங்கத்துக்குக் கட்டுச்சோறு கவலை இல்லை. இலையுதிர் காலத்தில் 8 முதல் 11 வரை இதே மாதிரி பிளாக்பெரி வரும்.

நேரக் கணக்கு கறாரானது. விளையாட்டில் 10 நிமிடம் என்பது நமக்கு 7 நொடி. காலை 6 மணிக்கு எழுந்து இரவு 2 மணிக்குள் படுக்க வேண்டும், ஆக ஒரு நாள் 14 நிமிடம். பையைத் திறந்திருக்கும்போது கடிகாரம் நிற்கும் (தனியாக ஆடினால் மட்டும்). 2 மணியைத் தாண்டினால் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவீர்கள். கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 1000 கோல்டு, போய்விடும். 12 மணிக்கு மேல் படுத்தால் மறுநாள் தெம்பு குறைவாக எழுவீர்கள். ஆரம்பத்தில் மொத்தத் தெம்பு 270. ஒரு சதுரம் கொத்த 2, தண்ணீர் ஊற்ற 2. அதாவது 60 செடி வைத்தால் தண்ணீருக்கே 120 தீர்ந்துவிடும், மிச்ச நாளுக்கு நொண்ட வேண்டியதுதான். முதல் மாதத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான். காசு வந்ததும் விதையாக வாங்கிக் குவிப்பார்கள், பூவாளி தூக்கியே பொழுது போய்விடும். தெளிப்பான் வரும்வரைக்கும் 40 செடிக்கு மேல் போக வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

தெளிப்பானில் மூன்று வகை. முதல் வகைக்கு ஒரு செம்புக் கட்டி, ஒரு இரும்புக் கட்டி போதும். ஆனால் நான்கு பக்கத்துக்கு நான்கே செடிதான் நனைக்கும், அதில் இரும்பை வீணாக்காதீர்கள். இரண்டாவது சுற்றியுள்ள 8 சதுரத்துக்கும் பாய்ச்சும். ஒரு இரும்பு, ஒரு தங்கம், ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ் வேண்டும், விவசாயத் திறன் 6 ஆகியிருக்க வேண்டும். இதுதான் நிஜமான திருப்பம். 3க்கு 3 கட்டமாகப் பாத்தி பிரித்து நடுவில் ஒன்று வைத்துக்கொண்டே போனால் காலையில் எழும்போது மண் ஈரமாக இருக்கும், நாள் முழுக்க உங்கள் கையில். மூன்றாவது, இரிடியம் தெளிப்பான், 24 சதுரம் பாய்ச்சும். அதற்குத் தேவையான பேட்டரி இடிதாங்கியிலிருந்து வரும். கோடை 13, 26 இரண்டு நாளும் கட்டாயம் இடி மழை உண்டு, அதற்கு முன்பே இடிதாங்கிகளை நட்டு வையுங்கள்.

பூவாளியைக் கிளின்ட்டின் கொல்லுப்பட்டறையில் மேம்படுத்தக் கொடுத்தால் இரண்டு நாள் ஆகும். முதல் படிக்கு 2000 கோல்டு, 5 செம்புக் கட்டி. அந்த இரண்டு நாளும் செடி காய்ந்துவிடுமே என்று யோசிக்க வேண்டாம். வீட்டு டிவியில் தினமும் மறுநாள் வானிலை சொல்வார்கள். நாளைக்கு மழை என்று சொன்னால் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மாலை 4 மணிக்குள் பட்டறைக்கு ஓடுங்கள். நாளை மழை பார்த்துக்கொள்ளும், மறுநாள் காலையில் பூவாளி கைக்கு வந்துவிடும்.

மாதம் 28 நாள், பருவம் நான்கு. பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் ஒரே ராத்திரியில் கருகிவிடும். எனவே கடைசி நடவுத் தேதி தெரிந்திருக்க வேண்டும். 28இல் இருந்து பயிரின் நாளைக் கழித்தால் கிடைப்பதுதான் அது. காலிஃபிளவர் 12 நாள் பயிர், 16ஆம் தேதிக்கு மேல் நடாதீர்கள். உருளைக்கிழங்கு 6 நாள், 22 வரை தாங்கும். வசந்தம் 13ஆம் தேதி முட்டை நோம்பியில் மட்டும் ஸ்ட்ராபெரி விதை விற்பார்கள், ஒன்று 100 கோல்டு. 8 நாளில் முதல் காய்ப்பு, பிறகு 4 நாளுக்கு ஒருமுறை. 16ஆம் தேதிக்குள் நட்டால் இரண்டு பறிப்பு, பழம் 120 வீதம் 240. காசு நெருக்கடி இல்லையென்றால் விதையை அடுத்த வசந்தம் வரை பெட்டியில் வைத்திருந்து 1ஆம் தேதி நடுங்கள், ஐந்து பறிப்பு கிடைக்கும். கோடைக்கு புளூபெரிதான். 80 கோல்டு விதை, 1ஆம் தேதி நட்டால் 14, 18, 22, 26 என நான்கு பறிப்பு, ஒவ்வொரு தடவையும் குறைந்தது மூன்று பழம். ஒரே செடி 600 கோல்டுக்குக் குறையாமல் தரும்.

பீன்ஸ், திராட்சை மாதிரிப் பந்தல் கொடிகளுக்குள் நடக்க முடியாது. நாலாபுறமும் நெருக்கமாக நட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பறிக்க முடியாமல் திண்டாடுவார்கள். இரண்டு வரிசைக்கு ஒரு தடம் விடுங்கள். இன்னொன்று, 15 செடி வரை காக்கா வராது. 16ஆவது செடி நட்டால் வரும். அதற்கு முன்பே சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று நட்டுவிடுங்கள், சுற்றிலும் 8 சதுரத் தூரம் வரைக்கும் காவல்.

கொங்குப் பக்கத்தில் பண்ணையம் தெரிந்த யாரும் இதை ஆடினால் இரண்டு இடத்தில் சிரிப்பார்கள். முதலாவது விலை. பத்துக் காய் போட்டாலும் ஆயிரம் காய் போட்டாலும் விற்பனைப் பெட்டியில் ஒரே விலைதான், இறங்கவே இறங்காது. உடுமலை, கிணத்துக்கடவு தக்காளிக்காரர்களிடம் இந்தப் பெட்டியைக் காட்டினால் உள்ளேயே குடிபோய்விடுவார்கள். இரண்டாவது தண்ணீர். பவானிசாகர் எப்போது திறப்பார்கள், எல்பிபி (கீழ்பவானி) வாய்க்காலில் நம் முறை எப்போது, ஆயிரம் அடி போர் போட்டும் ஊறுமா என்ற எந்தக் கவலையும் கிடையாது. குளத்தில் பூவாளியை முக்கினால் போதும், நிறைந்துவிடும். இது குறை என்று சொல்ல மாட்டோம். இந்த இரண்டு கவலையையும் எடுத்துவிட்டால்தான் பண்ணையம் விளையாட்டாகும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நெல் மட்டும் விதிவிலக்கு. தண்ணீர்க் கரையில் நட்டால் பூவாளியே வேண்டாம், 8 நாள் பயிர் 6 நாளில் விளையும்.

மாடு கோழி விசயத்தில் கேம் நம்ம ஊர் வழக்கத்துக்குக் கிட்டே வருகிறது. மேய விடப் புல் வேண்டும், குளிர்காலத்தில் புல் இருக்காது, அதற்கு முன்பே காய்ந்த தீவனம் சேர்த்தாக வேண்டும். தீவனக் களஞ்சியம் கட்ட 100 கோல்டு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி. 240 கட்டுத் தீவனம் கொள்ளும். களஞ்சியம் கட்டுவதற்கு முன்னால் புல்லை அறுத்தால் ஒன்றும் சேராது, எல்லாம் வீண். கோழிக்கூண்டு கட்டுகிற அவசரத்தில் பலரும் தோட்டத்துப் புல்லையெல்லாம் வழித்துவிட்டு, பிறகு மாடு கோழி விற்கிற மார்னியிடம் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள். களஞ்சியத்தை முதலில் கட்டுங்கள். அறுக்கும்போதும் ஒட்டுக்கா அறுக்காமல் அங்கங்கே புல் விட்டு வையுங்கள், தானாகப் பரவும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) அடைப்பு அடைப்பாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்களே, அதே முறை இங்கேயும் பலிக்கும். வேலி போட்டு ஒரு பக்கத்தை மூடி வையுங்கள்.

விளைந்ததை அப்படியே விற்பதா, மதிப்புக் கூட்டி விற்பதா? ஊறுகாய் ஜாடியில் போட்டால் அடிப்படை விலையின் இரு மடங்கோடு 50 கூடும். பீப்பாயில் பழம் மூன்று மடங்காகும், காய்கறி இரண்டேகால் மடங்காகும். கணக்குப் போட்டால், 50 கோல்டுக்குக் கீழான பழமும் 200க்குக் கீழான காயும் ஜாடிக்கு, மற்றது பீப்பாய்க்கு. புளூபெரி சரியாக 50, இரண்டிலும் 150தான் வரும். ஆனால் ஜாடி மூன்று நாளுக்குள் முடித்துவிடும், பீப்பாய்க்கு ஏழு நாள். பூசணி 320, ஜாடியில் 690, பீப்பாயில் 720. காய்ச் சாறு என்றால் பீப்பாய்க்கு நான்கு நாள், முப்பது கோல்டுக்காகக் கூடுதலாகக் காத்திருப்பதா என்பது உங்கள் பாடு.

வசந்தம் 5ஆம் தேதி சுரங்கம் திறக்கும். 120 தளம், ஐந்து தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிற்கும். 39 வரை செம்பு, 40இல் இருந்து பனி நிறம், இரும்பு, 80க்குக் கீழே தங்கம். முதல் செம்பு எடுத்த மறுநாள் காலையில் கிளின்ட் வந்து உலை செய்யக் கற்றுக்கொடுப்பார், 20 செம்புத் தாது, 25 கல். இருக்கிற காசில் முதலில் பூவாளியா, பையா என்று கேட்டால் பை. 12 இடமுள்ள பையோடு சுரங்கம் போனால் பாதி எடுத்துப் பாதி கொட்ட வேண்டும். 2000 கோல்டுக்கு 24 இடம். அடிதடி மட்டும் சுமார்தான். கத்தியை வீசு, விலகு, மறுபடி வீசு. பத்தாவது தளத்தில் இருக்கிற அதே சண்டை நூறாவது தளத்திலும். நிறம் மாறும், பூச்சி மாறும், ருசி மாறாது.

ஊருக்குப் பெயர் பெலிக்கன் டவுன். ஆட்கள் நன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள், குறிப்பாக நொந்தவர்கள். கூடாரத்தில் தனியாக இருக்கிற லைனஸ், குடித்துக் குடித்து அழிகிற ஷேன், இரண்டாம் வருசம் போர்க்களத்திலிருந்து திரும்பி வரும் கென்ட். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு பரிசுதான் கொடுக்கலாம், பிறந்தநாளன்று கொடுத்தால் எட்டு மடங்கு பலன். பியர் என்பவரின் மளிகைக் கடை வாசலில் மாட்டியிருக்கிற காலண்டரை மாதம் பிறந்ததும் பாருங்கள். அந்தப் பியர் கடை புதன்கிழமை லீவு. தச்சர் ராபின் கடை செவ்வாய், மார்னி கடை திங்களும் செவ்வாயும். மார்னி திறந்திருக்கிற நாளில்கூடக் கல்லாவில் நிற்பாரா என்பது அவருக்கே தெரியாது. மாடு வாங்கக் காசோடு போய் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு வருவது இந்த ஊரில் சகஜம்.

பாழடைந்த சமூகக் கூடத்தைச் சீராக்குவதுதான் கதையின் முதுகெலும்பு. ஆறு அறை, 30 தொகுப்பு. மீனும் காயும் தாதுவும் சொன்னபடி கொண்டு வந்து வைத்தால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கைம்மாறு கிடைக்கும். சரக்கறையை முடித்தால் பசுமைக்குடில், அதில் 120 சதுரத்தில் பருவம் பார்க்காமல் எதையும் நடலாம். இல்லை என்றால் 5000 கோல்டு கட்டி ஜோஜா கம்பெனிக் கடையில் உறுப்பினராகிக் காசாலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம். அது அலுப்பான வழி. எது விளைந்தாலும் விற்பதற்கு முன் ஒன்றைப் பெட்டியில் எடுத்து வைக்கிற பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். தங்கத் தரத்தில் ஐந்து பார்ஸ்னிப்பும் கேட்பார்கள், உரம் போட்டு நட்டால் கிடைத்துவிடும். எல்லாரையும் மறிப்பது சிவப்பு முட்டைக்கோஸ். அதன் விதை பியர் கடைக்கு இரண்டாம் வருசம்தான் வரும். வெள்ளியும் ஞாயிறும் காட்டில் நிற்கிற வண்டிக்காரியிடம் முதல் வருசமே கிடைக்க வாய்ப்புண்டு, உறுதி இல்லை. புது ஆட்டம் தொடங்கும்போது மேம்பட்ட அமைப்புகளில் ‘முதல் வருசத்திலேயே முடிக்கத்தக்கது’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் வண்டியில் கட்டாயம் வரும். தாத்தாவின் ஆவி மூன்றாம் வருச ஆரம்பத்தில் வந்து உங்கள் பண்ணையத்துக்கு மதிப்பெண் போடும். குறைந்தால் ஒரு வைரம் வைத்து மறுபடி கூப்பிடலாம். அவசரமே இல்லை.

மீன் பிடிப்பது எரிச்சலான பகுதி. பச்சைப் பட்டையை மீனின் மேலேயே நிறுத்த வேண்டும், ஆரம்பத்தில் பட்டை சின்னது, மீன் துள்ளும். மீனவர் வில்லி கொடுக்கும் மூங்கில் தூண்டிலை ஓரமாக வைத்துவிட்டு அவர் கடையில் 25 கோல்டுக்குக் கிடைக்கும் பயிற்சித் தூண்டிலை வாங்குங்கள். பட்டை பெரிது, ஆனால் எளிய மீன்கள் மட்டுமே சிக்கும். திறன் நாலைந்து ஏறியதும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி நம்ம ஊர்ச் சங்கதி. இந்த கேம் நீங்கள் படுக்கைக்குப் போகும்போது மட்டும்தான் சேமிக்கும். யுபிஎஸ் இல்லாத கணினியில் ஆடும்போது கரண்ட் போனால் அந்த நாள் முழுக்கப் போச்சு. அதிகபட்ச நட்டம் 14 நிமிடம் என்றாலும், சுரங்கத்தில் வைரம் கிடைத்த நாளாகப் பார்த்துத்தான் போகும். அதைவிட மோசம், சேமித்துக்கொண்டிருக்கிற அந்த சில நொடியில் போனால் கோப்பே கெட்டுவிடலாம். பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஆப்டேட்டா (%AppData%) கோப்புறைக்குள் ஸ்டார்டியூ வேலி, அதனுள் சேவ்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அங்கே உங்கள் தோட்டத்தின் இரண்டு கோப்புக்கும் பெயர்க் கடைசியில் ‘ஓல்டு’ (_old) என்று சேர்ந்த முந்தின நாள் நகல் இருக்கும். கெட்ட இரண்டையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, நகல்களின் பெயரிலிருந்து அடிக்கோட்டோடு அந்தச் சொல்லை நீக்குங்கள். முந்தின நாள் காலையிலிருந்து தொடரலாம்.

கணினித் தேவை ரொம்பக் குறைவு. 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம், 64 பிட் விண்டோஸ். கல்லூரியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே பெரும்பாலும் தாங்கும். பழைய திரைகளில் எழுத்து பெரிதாகி இடத்தை அடைத்தால் அமைப்புகளில் ஜூமையும் மெனு அளவையும் தனித்தனியாகக் குறையுங்கள். அதே பக்கத்தில் கருவி விழும் இடத்தைக் காட்டும் ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். இல்லாவிட்டால் கொத்து பக்கத்துச் செடி மேல் விழும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனால் வசனம் நிறைய, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளவும்.

கணினியில் வாங்குவதே நல்லது. சில நூறு ரூபாய் ஒருமுறை கொடுத்தால் சரி, விளம்பரமும் இல்லை, உள்ளே காசு கேட்பதும் இல்லை. 2024 மார்ச்சில் வந்த 1.6 போன்ற பெரிய புதுப்பிப்புகூட இலவசமாகத்தான் வந்தது. போன் பதிப்பில் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினாலும் அந்த இடத்திலிருந்தே தொடரலாம், பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் தொடுதிரையில் மீனும் சண்டையும் இன்னும் சிரமம். புளூடூத் கன்ட்ரோலர் ஒன்று கையில் இருந்தால் மட்டும் போனில் வாங்குங்கள்.